சின்னத்தம்பியின் அரை இழுப்பு

பர்மாவில், பசுண்டாங் ஓடையோரத்தில் நாராயணன் செட்டியாருக்குச் சொந்தமான உளுந்துக் கிடங்கை இருபத்தாறு வருடமாக ஆயுதம் தாங்கிக் காத்துவந்தவர் சின்னத்தம்பி. ஆயுதம் என்றால் ஏதோ தடியும் டார்ச் லைட்டும் இல்லை. வெள்ளைக்காரன் போகிற போக்கில் விட்டுப்போன ராணுவத் துப்பாக்கி. ஒவ்வொரு தடவையும் பூட்டுக் கம்பியைக் கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டிய பழைய ரகம். முனை பன்றி மூக்கைப்போலச் சப்பையாக இருக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றால், ஓடையில் போகிற சம்பான்காரர்கள்கூடக் கொஞ்சம் மரியாதையாகத்தான் துடுப்புப் போடுவார்களாம். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆயுதத்துக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உரிமத்தில் கண்டபடி, மாலை ஆறு மணிக்கு அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைச் செட்டியாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் எடுக்கலாம். திருடர்கள் பகலில் வருவதாக இருந்தால் தொலைந்தார்கள். தோட்டா ஐந்து இருந்தது. பெரிய செட்டியார் காலத்திலேயே ஏதோ ஓர் அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு அவற்றை ஒப்படைத்து ரசீது வாங்கியாகிவிட்டது. ரசீது பத்திரமாக இருந்தது. விசேஷ நாட்களில் சின்னத்தம்பி அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காவலுக்கு நிற்பார். தோட்டா இல்லாமல் வெறும் துப்பாக்கியோடு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அடையாள அட்டையில் அவருக்குப் பர்மியப் பெயர், கோ தான் டுன். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்களே என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். கிடங்கின் பின்புறம் ஒரே ஓர் அறை. அதில் அவரும் மனைவி செங்கமலமும் குடியிருந்தார்கள். காவல் வேலையோடு ஒட்டிப் பிறந்த அறை அது. வேலை போனால் அறையும் கூடவே போய்விடும்.

மற்ற உறுப்புகளெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிற அந்த மனிதருக்கு, வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு நிலையில் நிற்காது. அதற்கும் காரணம் துப்பாக்கிதான். அந்த ரகத் துப்பாக்கியின் விசைக்கு இரண்டு இழுப்பு உண்டு. முதல் இழுப்பு லேசாக வந்து ஓர் இடத்தில் தட்டி நிற்கும். அங்கிருந்து அழுத்தி இழுத்தால் இரண்டாவது; அப்போதுதான் 'டக்'கென்று உள்ளே ஊசி விடுபடும். எழுபத்தொன்றில் துப்பாக்கியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போன பழைய காவலர் ரெங்கசாமி, லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்தவராகத் தலையை வெளியே நீட்டி, "கம்பி ஏத்தித்தான் இருக்கு. மொத இழுப்பு உன்னோடது, ரெண்டாவது திருடனோடது. மாத்திடாதே" என்றார். லாரி போய்விட்டது. பயிற்சி அவ்வளவுதான்.

அன்று முதல் சின்னத்தம்பி தன் இழுப்பை இழுத்து, விட்டு, இழுத்து, விட்டுக்கொண்டிருந்தார். மூட்டை ஏறினால் இழுப்பார், இறங்கினால் இழுப்பார். செட்டியார் கூப்பிட்டால் இரண்டு தடவை. ஒரு நாளைக்கு எத்தனை என்று செங்கமலம் ஒருமுறை எண்ண ஆரம்பித்து, மதியம் உலை வைக்க மறந்துபோய், அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டாள். எண்பத்தெட்டில் ஊரே கொந்தளித்துத் தெருமுனைக்குத் தெருமுனை மூங்கில் தடுப்பு முளைத்த நாட்களில், கிடங்கு வாசலில் நின்று இழுத்து இழுத்து விரல் கொப்புளித்துப்போயிற்று. அப்போதும் திருடன் பங்கில் அவர் கை வைக்கவில்லை.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் மாலையும் உண்டு. அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். சின்னத்தம்பி ஒரு படி மேலே போய், அமாவாசை தவறாமல் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, ஒரு மூடியை விசை வளையத்துக்குள் செருகிவைப்பார். திருஷ்டிக்கு. பழம் செட்டியார் வீட்டு மரத்தது. முதலாளியம்மா ருக்மணி ஆச்சி தன் கையாலேயே பறித்துத் தருவார். வளையத்துக்கும் மூடிக்கும் இருந்த பொருத்தத்தைப் பார்த்தால், அந்தத் துப்பாக்கியைச் செய்த வெள்ளைக்காரன் எலுமிச்சையை அளவெடுத்துத்தான் வளையத்தை வளைத்திருப்பான் என்று தோன்றும்.

தொண்ணூற்றேழாம் வருடம், மழை ஓயப்போகிற சமயம். ஒரு லாரி பின்பக்கமாக உருண்டு வந்துகொண்டிருந்தது. சின்னத்தம்பி இடது கையால் "வா, வா" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். வலதுகை விரல் வழக்கம்போல இழுத்தது. போன விசை திரும்பவில்லை. விரலோடு கூடவே வெளியே வந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பால்பல் விழுவதைப்போல, வலி இல்லாமல், சத்தம் இல்லாமல். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நகம்போல வளைந்த சின்ன இரும்பு, அடிப்பக்கம் அரித்துப் பொடிந்திருந்தது. லாரி சுவரில் மோதித்தான் நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை.

முறிந்ததை வெற்றிலை டப்பாவில் போட்டு மூடினார். அடுத்த நான்கு நாளும் வளையத்துக்குள் விரலை நுழைத்து, அந்த விரல்தான் விசை என்று பார்க்கிறவர்கள் நம்பும்படி அசையாமல் நின்றார். இருபத்தாறு வருடத்தில் அந்த விரல் அசையாமல் இருந்தது அப்போதுதான். அதற்குப் பதிலாக இடது கால் ஆட ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் செட்டியார் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"சின்னத்தம்பி, இன்னும் பதினோரு நாள்ல பரிசோதனைக்கு ஆள் வர்றாக. இந்தத் தடவை நம்பரை மட்டும் பாத்துட்டுப் போகமாட்டாகளாம். இழுத்துப் பாப்பாகளாம். சத்தம் கேட்டா 'இயங்கும் நிலை.' கேக்கலைன்னா கையோட எடுத்துக்கிட்டுப் போயிருவாக."

"எடுத்துக்கிட்டா, முதலாளி?"

"எடுத்துக்கிட்டா என்ன, விட்டது தொல்லை. தின்கன்ஜூன்ல நம்ம வயிரவன் ஒரு அல்சேஷன் நாய் வச்சிருக்கான்ல. கேட்டுட்டேன். தர்றேன்னுட்டான்." செட்டியார் காகிதத்தை மடித்தார். "நாய்க்கு லைசென்ஸ் வேணாம். ஆறு மணிக்குப் பூட்டிவைக்க வேணாம். ஆறு மணிக்கு மேலதான் அதுக்கு வேலையே ஆரம்பம்."

இந்த வாதத்தில் ஓட்டையே இல்லை என்பதுதான் சின்னத்தம்பியை அதிகமாகப் புண்படுத்தியது.

"அது எங்க தங்கும், முதலாளி?"

"பின்னால ரூம் இருக்குல்ல." சொல்லிவிட்டுச் செட்டியாருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "அட, துப்பாக்கி இருந்தா நீ. இல்லாட்டித்தான் நாய். இதுல முகத்தைத் தூக்கி வச்சுக்க என்ன இருக்கு? துப்பாக்கிதான் நல்லா இருக்கே."

"ரொம்ப நல்லா இருக்கு, முதலாளி" என்றார் சின்னத்தம்பி, விரலை வளையத்தைவிட்டு எடுக்காமல்.

மூன்றாம் நாளே நாய் வந்து சேர்ந்தது. இடம் பழகட்டும் என்று செட்டியார் சொன்னார். வயிரவன் வீட்டில் அதன் பெயர் கேப்டன். பட்டாளம் ஆண்ட அந்த ஊரில், அந்தக் காலத்தில், வாசலில் நின்று "கேப்டன், உக்காரு, வாயை மூடு" என்று சத்தம் போடுவது உடம்புக்கு ஆகாது என்று ருக்மணி ஆச்சி எடுத்துச் சொன்னதால், அன்று சாயங்காலமே மணி என்று பெயர் மாற்றப்பட்டது. நாய்க்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அது நேராகப் பின்பக்கம் போய், சின்னத்தம்பியின் அறை வாசலில் படுத்து, உள்ளே பார்த்தது. இடத்தை அளப்பதுபோல இருந்தது.

"என்னங்க, அது நம்ம கட்டிலையே பாக்குது" என்றாள் செங்கமலம்.

இதற்குள் சின்னத்தம்பி, மாமியாரைப் பார்த்துவருவதாகச் சொல்லிவிட்டுப் பாலம் தாண்டித் தன்லியினுக்குப் போய்வந்திருந்தார். அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்த உறவுக்காரன் சுப்பிரமணியம், முறிந்ததைப் பார்த்து அப்படியே பித்தளையில் ஒன்று வார்த்துக் கொடுத்தான். மூக்குத்தியைப்போலப் பளபளவென்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது சும்மா ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தார். பாயசக் கரண்டியாக நிமிர்ந்துவிட்டது.

அடுத்து சூரத்தி பஜார். அங்கே கமால் பாய் பூட்டுச் சாமான், தையல் மிஷின் சாமான் எல்லாம் வைத்து விற்கிற சின்னக் கடை. சின்னத்தம்பி டப்பாவைத் திறந்து, முறிந்த இரும்பை வெற்றிலை மேல் வைத்தபடியே நீட்டினார்.

"என்ன சாமான் இது, அண்ணே?"

"ஒரு சாமான், பாய்."

"தையல் மிஷின்ல உள்ளதா?"

"அந்த மாதிரி."

"மாதிரின்னா? தைக்குமா, தைக்காதா?"

"இருபத்தாறு வருஷமா தைக்கல."

கமால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "சின்னத்தம்பி அண்ணே, பசுண்டாங்ல உங்களைத் தெரியாத காக்கா உண்டா? துப்பாக்கி ட்ரிக்கர்னு சொல்லித் தொலைச்சா நான் என்ன தம்பட்டமா அடிக்கப் போறேன்?" என்று அவர் கேட்டது நாலு கடை தள்ளிக் கோரைப்பாய் விற்றுக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. பிறகு கமால் குரலைத் தாழ்த்தி, சைக்கிள் பிரேக் பிடி ஒன்றையும் கதவுத் தாழ்ப்பாள் நாக்கு ஒன்றையும் எடுத்துப்போட்டார். "இதுல ஏதாவது ஒண்ணை ராவி வச்சுக்கலாம். ஆனா நம்பி வாங்காதீங்க, நானே சொல்றேன். மிங்கலாடோன்ல ஊ தெய்ன்னு ஒரு பெரியவர். பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்து ரிட்டயரானவரு. மாசம் ஒருக்கா எங்கிட்ட ஸ்பிரிங் வாங்க வருவாரு. எதுக்குன்னு நான் கேட்டதில்ல. கேக்காததாலதான் எங்கிட்ட வர்றாரு."

மிங்கலாடோன் பஸ்ஸில் சின்னத்தம்பி உட்காரவே இல்லை. இடம் இருந்தது; உட்காரத்தான் முடியவில்லை. இன்னும் ஐந்து நாள்.

ஊ தெய்ன் வீட்டு முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. பெரியவர் லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முறிந்த இரும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கடைசியில் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். பேச்செல்லாம் பர்மியத்தில்தான்.

"புளிக்குதே" என்றார். "இதை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல, ஊலே." மாமா என்று மரியாதையாகச் சொல்ல அந்த ஊரில் அதுதான் சொல். "மழைக்குத் துரு ஏறியிருக்கும். ஆனா நான் எண்ணெய் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

"எண்ணெயும் போட்டீங்களா? அப்ப மிளகாய்ப்பொடி ஒண்ணுதான் பாக்கி." பெரியவர் சிரிக்காமல் சொன்னார். "முப்பத்திரண்டு வருஷம் இந்த வேலை பாத்தேன். சேத்துல ஊறினது பாத்திருக்கேன், உப்புத் தண்ணியில கிடந்தது பாத்திருக்கேன். ஊறுகாய் போட்ட ட்ரிக்கரை இப்பத்தான் பாக்கிறேன்."

சின்னத்தம்பி அமாவாசைக் கணக்கை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முந்நூற்றுச் சொச்சம் எலுமிச்சை மூடி. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்துச் செருகியது. ஊர்க்கண் ஒன்றும் செய்யவில்லை; இவர் எலுமிச்சை செய்துவிட்டது. விஷயத்தைச் சொன்னார். பெரியவர் எலுமிச்சை பற்றிய பகுதியைத் தலையாட்டிக் கேட்டார். கம்பி எழுபத்தொன்றில் ஏற்றியது, இன்னும் இறக்கவில்லை என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்தாறு வருஷமா ஏத்தியே இருக்கா?"

"என் பங்கு மொத இழுப்பு மட்டும்தான், ஊலே."

பெரியவர் முறிந்த இரும்பை மேசையில் வைத்தார். பிறகு மூலையிலிருந்து ஒரு மரப்பலகையை எடுத்துவந்தார். புதுப் பட்டாளக்காரர்களுக்குப் பாடம் நடத்திய பலகை. குழல் கிடையாது, கட்டை கிடையாது. விசையும் ஸ்பிரிங்கும் மாட்டி உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுகிற எலும்புக்கூடு. ஒரு டின்னைத் திறந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய விசைகளை மேசையில் பரப்பினார்.

"முனை சப்பையா, நீட்டிக்கிட்டு இருக்குமா?"

"சப்பை. பன்றி மூக்கு மாதிரி."

"அப்ப இதெல்லாம் தள்ளு. இது அதோட தம்பி ரகத்துக்கு உள்ளது. சாடை ஒண்ணா இருக்கும், உள்ள போனா சண்டை போடும்." பாதியை ஒதுக்கினார். மிச்சம் மூன்று. "துப்பாக்கிக்கு இந்த மூணுமே பொருந்தும். உங்க விரலுக்கு எதுன்னுதான் பாக்கணும். விரலைக் கொடுங்க."

முதலாவதைப் பலகையில் மாட்டினார். யாரோ ஒரு பட்டாளக்காரன் வருடக்கணக்காக இழுத்துத் தேய்த்துப் பட்டாக்கிய விசை. "பேசுங்க" என்றார்.

"என்ன பேச, ஊலே?"

"எதையாவது. வேலை, வீடு."

"வேலையில ஒண்ணும் குறையில்ல. இப்பத்தான் முதலாளி ஒரு நாயை..."

டக்.

பெரியவர் மறுபடி ஏற்றினார். "நாயை விட்டுட்டுப் பேசுங்க."

"சரி. பின்னாடி எங்களுக்கு ஒரு ரூம் இருக்கு. அதுக்கு நேரா அது வந்து படுத்துக்கிட்டு..."

டக்.

சின்னத்தம்பிக்கு வேர்த்தது. திருடனுக்கு உரிய பங்கை ஒரே நிமிடத்தில் இரண்டு தடவை வாரி இறைத்திருக்கிறார். இந்த விசையை மாட்டினால் விடியக்காலம் ஆறு மணிக்கே இரண்டாம் இழுப்பும் போய்விடும். அப்புறம் நாள் முழுக்க எதை வைத்துக்கொண்டு காவல் காப்பது?

இரண்டாவதில் ஒரு புடைப்பு முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. தட்டி நிற்கிற இடமே இல்லை. ஒரே இழுப்பில் முழுசாகப் போனது. அதைச் சின்னத்தம்பி தொட்டவுடனே தள்ளிவிட்டார்.

"இதுல என் பங்கே இல்லையே, ஊலே."

மூன்றாவதன்மேல் கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருந்தது. எந்தத் துப்பாக்கியிலும் ஏறாதது. முதல் இழுப்பு நெய்போல வந்தது. அங்கே நின்றது. சின்னத்தம்பி நாயைப் பற்றி, அதன் பார்வையைப் பற்றி, அது கட்டிலை அளந்ததைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பலகை வாயே திறக்கவில்லை.

"இதை ஏன் யாருக்கும் கொடுக்காம வச்சிருந்தீங்க?"

"எந்த விரலுக்கும் பணியல. நானே ரெண்டு விரல் போட்டுத்தான் இழுப்பேன்" என்றார் பெரியவர். "உங்களுக்கு நல்லது. பரிசோதனைக்கு வர்றவர் கதை வேற. மொதலாவது எடுத்தீங்கன்னா அவர் தொட்டாலே சத்தம் வரும். முடிவு உங்களோடது."

சின்னத்தம்பி முதலாவதை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனார். திரும்பி வந்து மூன்றாவதாக மாற்றிக்கொண்டார். பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே வந்து முதலாவதைக் கேட்டார். பெரியவர் இரண்டையும் முற்றத்துக் கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். வந்து பார்த்தபோது முதலாவது கல்மேல் இருந்தது. பரிசோதனை ஒரு நாள்; விரலோடு குடித்தனம் மிச்ச நாளெல்லாம் என்று சின்னத்தம்பி முடிவுகட்டியிருந்தார்.

விலை என்ன என்று கேட்டதற்கு, முறிந்ததைத் தன் டின்னுக்கு வைத்துக்கொள்வதாகவும், அடுத்த தடவை வரும்போது ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தால் போதும் என்றும் பெரியவர் சொன்னார். இரும்பையே ஊறவைத்த வீட்டு ஊறுகாய் எப்படியிருக்கும் என்று பார்க்க அவருக்கு ஆசை.

பெரியவரின் பலகையில் தானும் நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகியிருந்ததால், மறுநாள் பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னத்தம்பி விசையை வளையத்தில் வைத்து ஆணியைச் செருகினார். செங்கமலம் டார்ச் பிடித்தாள். கதவுக்கு வெளியே மணி மூச்சு வாங்குவது கேட்டது.

"முழுசா இழுத்துப் பாத்திருங்களேன். சத்தம் வருதான்னு தெரிஞ்சுக்கலாம்."

"எதுக்கு இழுக்கிறது? திருடன் எங்க?"

"அன்னிக்கு மட்டும் திருடன் வருவானாக்கும்."

"ஆபீசர் வர்றாருல்ல" என்றார் சின்னத்தம்பி. முதல் இழுப்பை மட்டும் நாற்பது ஐம்பது தடவை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

பரிசோதனை அன்று காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கூடவே பதிவேடும் குடையுமாக ஓர் எழுத்தர். செட்டியார் நாற்காலி போட்டு, பால் தேநீரும் சமோசாவும் வரவழைத்திருந்தார். அதிகாரி நம்பரைச் சரிபார்த்தார். கட்டையில் ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்து, நோயா, பூஞ்சையா என்று யோசித்து, கேட்காமல் விட்டுவிட்டார். பிறகு துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கி விசையை இழுத்தார்.

முதல் இழுப்பு வந்தது. நின்றது.

மறுபடி இழுத்தார். நின்றது. எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் குடையை வைத்துவிட்டு, உதட்டைக் கடித்து, முகம் சிவக்க இழுத்தார். நின்றது. அதிகாரி பதிவேட்டைத் திறந்தார். பேனா 'இயங்கா நிலை' என்ற கட்டத்தை நோக்கிப் போயிற்று. செட்டியாரின் கண் பின்பக்க அறையை நோக்கிப் போனதைச் சின்னத்தம்பி பார்த்தார்.

"சயா, கொஞ்சம் இருங்க. அதுக்கு என் கைதான் பழக்கம். கொடுங்க." சயா என்றால் ஐயா.

வாங்கினார். முனையை மேலே தூக்கினார். முதல் இழுப்பு நெய்போல வந்தது, தட்டியது, விரல் நின்றது. நில் என்று அவர் சொல்லவில்லை. போ என்று சொல்லித்தான் பார்த்தார். இருபத்தாறு வருடம் எந்த இடத்தில் நின்று பழகியதோ அதே இடத்தில் அது முளையடித்து நின்றது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. எதிரே கதவுச் சந்தில் செங்கமலத்தின் முகம் தெரிந்தது. திருடன், திருடன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அதிகாரி ஒரு சமோசாவை முழுசாகத் தின்று முடித்தார்.

"போதும், கோ தான் டுன்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று சின்னத்தம்பி பின்னால் திரும்பப் போனார்.

அந்த நேரம் பார்த்து, புறப்படலாம் என்று எழுத்தர் குடையை விரித்தார். அவர் காலடியில், யாரும் பார்க்காமல் வந்து படுத்திருந்த மணி, தன் வாழ்நாளிலேயே முதல்முறையாகக் குடை விரிவதைப் பார்த்ததைப்போல, அடிவயிற்றிலிருந்து ஒரு குரை குரைத்தது.

டக்.

அவ்வளவு பெரிய சத்தம் அந்தச் சின்ன இரும்புக்குள் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எழுபத்தொன்றில் ரெங்கசாமி ஏற்றிவைத்தது தொண்ணூற்றேழில் வந்து விழுந்தது. உத்தரத்திலிருந்து புறா நாலைந்து பறந்தது. நாய் ஒரே தாவாகத் தாவி உளுந்து மூட்டைகளுக்கு நடுவே புகுந்தது. சாயங்காலம்வரை அதை வெளியே எடுக்க முடியவில்லை. சின்னத்தம்பி தன் விரலைப் பார்த்தார். அது ஒன்றும் தெரியாததுபோல விசைமேல் படுத்திருந்தது.

அதிகாரி மனசாட்சியுள்ளவர். கேட்டதைக் கேட்டபடி எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். 'இயங்கும் நிலை' என்று எழுதி, பக்கத்தில் இருந்த குறிப்புக் கட்டத்தில், 'மேற்படி ஆயுதம் மேற்படி காவலர் கையில், மேற்படி நாய் குரைக்கும்போது இயங்குகிறது' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் முத்திரை குத்தினார். "அடுத்த வருஷம் மூணையும் காட்டணும்" என்று செட்டியாரிடம் சொன்னார். "நாயோட பெயர், வயசு, நிறம் எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க. உரிமத்தோட சேர்க்கணும்."

நாய்க்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்ன செட்டியார், தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் ருக்மணி ஆச்சி தட்டோடு வந்துவிட்டார். அரிந்த எலுமிச்சை, குங்குமம், கற்பூரம். "இன்னைக்கு எத்தனை கண்ணு பட்டிருக்கும். இங்கிட்டுக் காட்டு சின்னத்தம்பி, நானே செருகிவிடறேன்."

சின்னத்தம்பி துப்பாக்கியைக் குழந்தையைப்போல மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எலுமிச்சையின் கதையைச் சொன்னால் விசை முறிந்த கதை வரும். முறிந்த கதை வந்தால் விரல் விசையாக நின்ற கதையும் கூடவே வரும்.

"வேணாம், ஆச்சி. உள்ள புதுசா ஒரு சாமான் மாட்டியிருக்கு. நாப்பத்தெட்டு நாள் தீட்டு."

ஆச்சி தட்டைப் பின்னுக்கு இழுத்தார். இதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. "முன்னாடியே சொல்லக் கூடாதா, தொட்டிருப்பேனே" என்றார். "அப்ப இதை என்ன பண்ண?"

பழம் சாயங்காலம் மணியின் கழுத்துப் பட்டையில் ஏறியது. உரிமம் பெற்ற நாயாயிற்றே. அதற்கும்தான் கண் படும். அறை சின்னத்தம்பிக்கு, அறை வாசல் மணிக்கு என்று செங்கமலம் தீர்த்துவைத்தாள்.

ஆனால் சின்னத்தம்பியின் விரலுக்குத்தான் அதற்கப்புறம் நிம்மதி இல்லாமல் போயிற்று. கம்பியை மறுபடி ஏற்றியாகிவிட்டது. முதல் இழுப்பு முன்போலவே நெய்யாக வந்தது, தட்டி நின்றது. முன்பெல்லாம் அந்த இடத்தில் வந்து திருப்தியாகத் திரும்பிவிடுகிற விரல், இப்போது அங்கேயே நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்ட விரல், மேலே போகவும் தெரியாமல் திரும்பவும் மனமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. பகலெல்லாம் அவர் அதை இடது அக்குளில் செருகிக்கொண்டு நிற்பார். மூட்டை ஏறும்போது மட்டும் வெளியே எடுப்பார்.

காலடியில் மணி படுத்திருக்கும். லாரி வந்தாலும் சரி, ஆள் வந்தாலும் சரி, அது வாசல் பக்கம் திரும்பாது. அதன் கண் அந்த விரல்மேலேயே இருக்கும். சின்னத்தம்பியின் கண் அதன் வாய்மேலேயே இருக்கும். கிடங்குக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க அதற்குப் பிறகு இருவருக்குமே நேரம் இருக்கவில்லை.